ஃபேனுக்குப் பொட்டு மட்டும் போதும்

எனக்கு வருகிற போன்களில் பாதி இந்த ஒரே கேள்வியோடுதான் வருகிறது. "அண்ணே, புதுசா சர்வீஸ் தொழில்ல எறங்கியிருக்கேன். எந்த கிரீஸ் கன்னு வாங்கலாம்?"

உடனே பதில் சொல்ல மாட்டேன். "எதுக்கு அடிக்கப் போறே அப்பு?" என்று திருப்பிக் கேட்பேன். "எல்லாத்துக்கும்தாண்ணே" என்று பதில் வரும். அந்த 'எல்லாத்துக்கும்' காதில் விழுந்ததுமே எனக்குப் போடிமெட்டில் இருக்கும் ஒரு ஏலக்காய் ஸ்டோரும் அதற்குள் முனகிக்கொண்டிருந்த ஒரு ஃபேனும் நினைவுக்கு வந்துவிடும். போனில் அந்தக் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் யாராவது வண்டியைக் கொண்டுவந்து, கூப்பிட்டவர் கடை முன்னால் நிறுத்திவிடுவார்கள். பாதியில் அறுந்துபோகும். இப்போது நம் மெக்கானிக்குகள் சங்கத்தில் புதியவர்களுக்காக ஏதாவது எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆக, தம்பிகளே, தங்கச்சிகளே, உட்காருங்கள். முழுதாகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துப் படிப்பு குறைவு. டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு மேலே நிற்கிறவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் தொழிலே படித்தேன். அதனால் பேசுகிற மாதிரியேதான் எழுத வரும்.

நான் என் மெக்கானிக் கடையை விட்டு ஓய்வு எடுப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்தது இது. ஆயுத பூசைக்கு முந்திய வாரம். போடியில் ஜமாலின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஜமாலுக்கும் எனக்கும் பழக்கம் எப்போது ஆரம்பித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அவர் கடையில் ஒரு ஸ்டூல் எனக்கென்றே கிடக்கும். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால், "அது வாடகைக்கு விட்டாச்சுப்பா" என்பார்.

அன்று செந்தில் வந்தான். கீழே சிலமலையில் அவன் குடும்பத்துக்குத் தென்னையும் நெல்லும் உண்டு. டிராக்டரும் அங்கேதான் நிற்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது செந்தில். அவனுடைய அக்கா ராஜேஸ்வரி மேலே போடிமெட்டில் ஏலத்தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். தோட்டத்தோடு ஒரு ஸ்டோரும் உண்டு. மலைக்கு வராதவர்களுக்காகச் சொல்கிறேன், ஏலக்காயை உலர்த்துகிற கட்டடத்தை அங்கே ஸ்டோர் என்பார்கள். கீழே விறகு அடுப்பு. அந்தச் சூட்டைப் பெரிய ஃபேன் ஒன்று அறைக்குள் தள்ளும். அறை நிறையத் தட்டுகள். தட்டுகளில் பச்சைக்காய். சொந்தமாக ஸ்டோர் இல்லாத சிறு தோட்டக்காரர்கள் தங்கள் காயையும் ராஜேஸ்வரியிடம்தான் கொடுத்து உலர்த்தி வாங்கிப் போவார்கள்.

செந்தில் வந்ததும் வராததுமாக, "ஜமாலண்ணே, இருக்கிறதுலயே பெரிய கிரீஸ் கன்னு காட்டுங்க. பூசைக்கு வைக்கணும்" என்றான்.

ஜமால் பாட்டரியில் ஓடும் கன் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் உடம்பு, கறுப்புப் பிடி, நீளமான ஹோஸ். விசையை அமுக்கினால் டர்ரென்று கிரீஸ் போய்க்கொண்டே இருக்கும். கையில் பலம் தேவையில்லை.

"பாத்தீங்களாண்ணே, கன்னு பெருசாகப் பெருசாக வாங்குறவனுக்கு நெஞ்சும் பெருசாகுது" என்றார் ஜமால்.

செந்தில் அதைத் தோளில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டினான். "எப்பிடிண்ணே?"

"டிராக்டருக்கு நல்ல சாமான்" என்றேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். சேற்றுழவு ஓட்டிவிட்டு வந்த டிராக்டரில் நிப்பிளை, அதாவது கிரீஸ் உள்ளே போகிற சின்ன மூக்கை, துடைத்துவிட்டு, உள்ளே போன சேறும் பழைய கிரீசும் வெளியே பிதுங்கி வருகிற வரை அடிக்க வேண்டும். பழசு கறுப்பாக வரும், பிறகு புதுசு வரும், அப்போது நிறுத்த வேண்டும். அங்கே தாராளமாக அடிக்கிறவன்தான் நல்ல டிரைவர். செந்தில் நல்ல டிரைவர். மண்ணுக்கடியில் புரளுகிற ரொட்டவேட்டருக்கும் அதே கதைதான். ஆனால் டிராக்டருக்கு என்று வாங்குகிற சாமான் டிராக்டரோடு நின்றுவிடுவதில்லை. அதுதான் நம் ஊர்.

இங்கே அந்தக் குடும்பத்தின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பூசைக்குப் புதுச்சாமான் ஒன்று வாங்கினால், அங்கே வேலை செய்கிற அத்தனை பேரும் அதில் ஒருமுறை கை வைத்தாக வேண்டும். புது அரிவாள் என்றால் ஆளுக்கு ஒரு வெட்டு. மருந்தடிக்கிற பம்பு என்றால் ஆளுக்கு ஒரு வீச்சு. "எல்லார் கையும் பட்டாத்தான் அது நம்ம வீட்டுச் சாமான்" என்பார் ராஜேஸ்வரி. எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கும். முதலாளி மட்டும் தொட்டுப் பூட்டி வைக்கிற சாமான்களை நிறையப் பார்த்தவன் நான்.

பூசையன்று காலையில் கன் சிலமலையில் டிராக்டருக்கு அடித்தது. மத்தியானம் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டுக்குப் போனது. அங்கே தோட்டத்து ஜீப்பு, டிரெய்லர், களை வெட்டுகிற மிஷின் எல்லாவற்றுக்கும் பொட்டும் பூவும். கடைசியில் ஸ்டோர் ஃபேன். அன்று லீவு, ஃபேன் சும்மா நின்றது.

இரண்டு நாள் கழித்து, காலை டிபன் முடிந்து ஜமால் கடையில் என் ஸ்டூலில் உட்கார்ந்தேன். போன் வந்தது. ராஜேஸ்வரி.

"அண்ணே, ஃபேன் முனகுது."

"எப்படி முனகுது?"

"பல்வலிக்காரன் மாதிரி. விட்டு விட்டு. அந்த இரும்புக் கூட்டுல கை வைக்க முடியல, அப்பிடிக் கொதிக்குது."

இரும்புக் கூடு என்று அவர் சொன்னது ஃபேனின் தண்டைத் தாங்குகிற பேரிங்கின் வீடு. ஃபேனின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும்.

"உள்ளே காய் இருக்கா?"

"நெறையா இருக்குண்ணே. முந்தாநாள் லீவுங்கறதால எல்லாரும் நேத்துத்தான் காய் எடுத்தாங்க. விடியக்காலைல தட்டு நெரப்பி அடுப்பு மூட்டுனோம். என் காய் கொஞ்சம்தான். பாக்கி அத்தனையும் அக்கம்பக்கத்துக் காய். ஜோஸ் சேட்டன் காய் மொதத்தடவையா வந்திருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஜோஸ் சேட்டன் எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்காரர். சேட்டன் என்றால் அங்கே அண்ணன், சேச்சி என்றால் அக்கா. மலையில் காய் தருகிற சிறு தோட்டக்காரர்கள் அவர் எங்கே தருகிறாரோ அங்கே தருவார்கள். அவர் ஒரு ஸ்டோரைவிட்டு விலகினால் மற்றவர்களும் ஒவ்வொருவராக விலகுவார்கள்.

"தங்கச்சி, ஒண்ணு மட்டும் செய்யாதீங்க. கிரீஸ் அடிச்சிராதீங்க."

"தங்கராசு அண்ணன் இப்பத்தாண்ணே கன்னை எடுக்கப் போயிருக்காரு" என்றார்.

"ஓடுங்க!"

போனுக்குள் செருப்புச் சத்தமும் "அண்ணேய்... தங்கராசண்ணேய்... நில்லுங்க!" என்ற கத்தலும் கேட்டன. தங்கராசு அந்த ஸ்டோரின் அடுப்புக்காரர். ஃபேனைத் தன் பிள்ளை மாதிரி வைத்திருப்பவர். பிள்ளை முனகினால் சோறு ஊட்டத்தானே தோன்றும்? பேரிங் சூடானால் கிரீஸ் போதவில்லை என்றுதான் யாருக்கும் தோன்றும். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மற்றப் பாதி நேரத்தில்தான் வினை.

மூச்சு வாங்க ராஜேஸ்வரி மறுபடி போனுக்கு வந்தார். "புடுங்கிட்டேன். சொல்லுங்கண்ணே, ஃபேனை அமத்திரவா?"

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும், தம்பிகளே. கொதிக்கிற பேரிங்கை நிறுத்துவதுதான் மெக்கானிக்கின் புத்தி. ஆனால் அடுப்பு எரியும்போது ஃபேனை நிறுத்தினால், சூடு போக்கிடமில்லாமல் அடித்தட்டுக் காயெல்லாம் வெந்துவிடும். நிறுத்தாமல் விட்டால் பேரிங் இறுகி, தண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அதற்கு முன்னாலேயே இன்னொன்று நடக்கும். காற்றை உறிஞ்சுகிற வாய்ப்பக்கத்தில்தான் ஒரு பேரிங் இருக்கிறது. அதிலிருந்து உருகி ஒழுகுகிற கிரீசின் வாடையை ஃபேன் நேராகக் காய்மேல் தள்ளும். ஏலக்காயை மூக்கால்தான் வாங்குகிறார்கள். மிஷினைக் காப்பாற்றுவதா, காயைக் காப்பாற்றுவதா என்று யோசிக்கக் கூடாது. எதை முதலில் செய்தால் மற்றதற்கு நேரம் கிடைக்கும் என்று யோசிக்க வேண்டும்.

"முதல்ல அடுப்புல இருக்கிற வெறகை வெளிய இழுங்க. எல்லாக் கதவையும் தெறந்து விடுங்க. அறைச் சூடு எறங்குற வரைக்கும் ஃபேன் ஓடட்டும். எறங்குனதும் அமத்துங்க. நான் வர்றேன்."

"நெருப்பை இழுத்தா காய் நெறம் போயிருமேண்ணே."

"நெறம் கொஞ்சம் மங்குனா மங்கட்டும் தாயி. கிரீஸ் வாடை ஏறிருச்சுன்னா ஒண்ணும் செய்ய முடியாது. காய் உங்க பொறுப்புல இருக்கு, முடிவு நீங்கதான் சொல்லணும்."

அவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "தங்கராசண்ணே, வெறகை இழுங்க!" என்று அவர் கத்துவது போனிலேயே கேட்டது. என்னிடம், "காய்க்காரங்களுக்கும் இப்பவே சொல்லிர்றேண்ணே. அப்புறமா யாரோ சொல்லிக் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

காலை ஜீப்புகளெல்லாம் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு எப்போதோ போய்விட்டன. அடுத்த பஸ்சுக்கு நேரமிருந்தது. ஜமால் கடை ஷட்டரை இழுத்துவிட்டு ஜீப்பு சாவியை எடுத்தார்.

"நீங்க எதுக்கு? யாவாரம் நடக்கிற நேரம்" என்றேன்.

"கன்னு நான் வித்தது. அது என்ன செஞ்சிருக்குன்னு நான் பாக்க வேண்டாமா? ஏறுங்க வெரசா."

ஏறினேன். போடிமெட்டு வளைவுகளில் ஜமால் ஜீப்பு ஓட்டுவதைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அடித்துவிட்டு, "அந்தக் கன்னு மேல தப்பு இருக்குமாண்ணே?" என்று என் முகத்தைப் பார்ப்பார். "ரோட்டைப் பாருங்க" என்பேன். அடுத்த வளைவில் மறுபடி, "இருந்தா திருப்பி வாங்கிக்கிறேன். ஆனா பூசைல வச்ச சாமானை எப்பிடித் திருப்பி வாங்குறது?" என்பார். "ரோட்டைப் பாருங்க ஜமால்!"

நாங்கள் போய்ச் சேரும்போது ஃபேன் நின்றிருந்தது. ஸ்டோரின் கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. வெளியே இழுத்துப் போட்ட விறகு புகைந்துகொண்டிருந்தது. பெண்கள் தட்டுகளை அசைத்து உள்ளிருக்கும் சூட்டை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். தங்கராசு ஃபேனுக்குப் பக்கத்தில், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வாய்ப்பக்கத்துக் கூட்டைப் பார்த்தேன். அதன் விளிம்பில் கிரீஸ் பிதுங்கி, உருகிக் கீழே ஒழுகியிருந்தது. பொட்டும் சந்தனமும் அதோடு சேர்ந்து கரைந்து வழிந்திருந்தன.

"பூசையன்னிக்கு இதுக்கு யார் அடிச்சது?" என்று கேட்டேன்.

திட்டப் போகிறேன் என்று யாரும் நினைக்கவில்லை போலிருக்கிறது. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில், "நாந்தாண்ணே!" என்றார்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் பெயர் கேட்டால் வருகிற மாதிரி ஒரு பெருமை.

"ஒருத்தர் ஒருத்தரா சொல்லுங்க. நீங்க எவ்வளவு அடிச்சீங்க?"

"ஒரே ஒரு அமுக்குத்தாண்ணே" என்றார் ஒரு பெண்.

"நானும் ஒரே அமுக்கு."

"நானும்."

தங்கராசு எழுந்து நின்றார். "நானும் ஒரு அமுக்குத்தான். கண்ணை மூடி சாமி கும்பிட்டேன். கும்பிட்டு முடிக்கிற வரைக்கும் அமுக்கியிருந்தேன்."

"எத்தனை சாமி கும்பிட்டீரு?" என்றார் ஜமால்.

"குலசாமியிலிருந்து ஆரம்பிச்சேன்" என்றார் தங்கராசு.

யாருக்கும் சிரிக்கிற நேரமில்லை, ஆனாலும் சிரித்துவிட்டோம். ராஜேஸ்வரிகூடச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

யாரும் தவறாக ஒன்றும் செய்யவில்லை, பாருங்கள். ஆளுக்கு ஒரு அமுக்கு. டிராக்டரில் செந்தில் செய்ததைப் பார்த்துத்தான் இவர்களும் செய்தார்கள். ஆனால் டிராக்டரின் கை கால் மூட்டுகள் மெதுவாக அசைகிறவை, உள்ளே போகும் சேற்றைத் தள்ள நிறையக் கிரீஸ் வேண்டும். ஃபேன் பேரிங் வேகமாகச் சுற்றுகிறது, அதற்குள் சேறும் கிடையாது. அதன் வீட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் கிரீஸ் இருக்க வேண்டும், பாக்கி இடம் காலியாக இருக்க வேண்டும். நிறைத்துவிட்டால் உள்ளே உருளுகிற குண்டுகள் அந்தக் கிரீசைக் கடைந்து கடைந்தே கொதித்துப்போகும்.

கையால் இழுத்து அடிக்கிற லீவர் கன்னாக இருந்திருந்தால் மூன்றாவது ஆளுக்கே லீவர் கனத்திருக்கும். "என்னடா இது போக மாட்டேங்குது" என்று யாராவது கேட்டிருப்பார்கள். பாட்டரிக் கன்னுக்குத் தள்ளத்தான் தெரியும். எதிரே எவ்வளவு இறுக்கம் என்பதை அது நம் கைக்குச் சொல்லாது.

சரி, வேலைக்கு வருகிறேன். கூட்டின் மேல்மூடியைக் கழற்றினேன். கிண்ணத்தில் அல்வாவை அழுத்தி வைத்த மாதிரி இருந்தது. அழுக்குப் படாத துணியை விரித்துக்கொண்டு, மூங்கிலைச் சீவி அதனால் வழித்து எடுக்க ஆரம்பித்தேன். அப்போது வெளியே ஒரு ஜீப்பு வந்து நின்றது.

ஜோஸ் சேட்டன் இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நேராக ஸ்டோருக்குள் போய், தன் காய் இருந்த நடுத்தட்டில் ஒரு பிடி அள்ளி மூக்கில் வைத்தார். ராஜேஸ்வரி அவர் முன்னால் போய் நின்றார்.

"சேட்டா, தப்பு எங்க பக்கம்தான். ஃபேனுக்குக் கிரீஸ் அதிகமாப் போயிருச்சு. நீங்க காயை எடுத்து வேற ஸ்டோருக்குக் கொண்டு போறதுன்னா, ஜீப்பும் ஆளும் நானே ஏற்பாடு பண்றேன். மனசுல ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

அவர் என்னிடம் வந்தார். "ஆசானே, எத்தர நேரமாகும்?"

தம்பிகளே, இந்தக் கேள்வியில்தான் நம் ஆட்கள் வழுக்கி விழுவார்கள். எதிரே நிற்பவர் முகம் வாடக் கூடாதென்று 'இதோ ஆச்சு' என்று சொல்லிவிடுவார்கள். நான் கையிலிருந்த கிரீசை அவருக்குக் காட்டினேன்.

"இந்தக் கூட்டைத் தொடைச்சு மூடுற வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மூடி, ஓட்டிப் பார்த்து, என் கை தாங்குற சூட்டுல நின்னாத்தான் அடுப்பு மூட்டச் சொல்வேன். நிக்கலைன்னா நானே சொல்றேன், நீங்க காயை ஏத்திக்கிட்டுப் போங்க."

தங்கராசு வாசலில் நின்று, "மஞ்சு ஏறுதுக்கா" என்றார். மஞ்சு என்றால் மூடுபனி. குரங்கணிப் பக்கத்துச் சரிவிலிருந்து வெள்ளையாக ஏறி வந்துகொண்டிருந்தது. சூட்டை வெளியேற்றத் திறந்த கதவுகள் இனி ஈரத்தை உள்ளே விடும். பாதி உலர்ந்த காய்க்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை.

ஜோஸ் சேட்டன் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "சேச்சி, கதவடைக்கான் ஆளு வேணும். வர்றேன்" என்று சொல்லிவிட்டு முதல் கதவைத் தள்ளினார். தட்டுகளை ஒதுக்குவதும் கதவைச் சாத்துவதுமாகப் பெண்கள் எல்லாரும் அவர் பின்னால் ஓடினார்கள்.

வாய்ப்பக்கத்துக் கூடு சுத்தமானது. குண்டுகளுக்கு நடுவே வேண்டிய அளவு மட்டும் விட்டு மூடினேன். ஜமால் தன் வெள்ளைச் சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டிருந்தார், அது அவருக்கே தெரியவில்லை. "அந்தப் பக்கத்துக் கூடு?" என்று தங்கராசு கேட்டார். பெல்ட் பக்கத்தில் இருந்த அதையும் கழற்றினால் இன்னொரு பங்கு நேரமாகும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது, ஆனால் வைத்திருக்க முடிந்தது. அது காற்று வாயிலிருந்து தள்ளியும் இருந்தது. அங்கே ஒழுகினாலும் தரையில்தான் விழும். அதைத் திறக்கவில்லை. நிப்பிளை மட்டும் கழற்றி, ஓட்டத்தில் மிச்சம் தானாக வெளியே வரட்டும் என்று ஒரு தகரத்தைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பதுதான் ஒழுங்கான வேலை என்று புத்தி சொன்னது. வாசலில் பனி நின்றது. அன்றைக்கு நான் பனியின் பேச்சைத்தான் கேட்டேன்.

ஃபேனைப் போட்டோம். முனகல் இல்லை. எல்லாரும் கூட்டை வேடிக்கை பார்க்க, நான் கையை அதன் மேல் வைத்தபடி நின்றேன். சூடு ஏறியது. இன்னும் ஏறியது. பிறகு அங்கேயே நின்றது. பெல்ட் பக்கத்தில் மண்புழு மாதிரி கிரீஸ் நெளிந்து வந்து தகரத்தில் விழுந்தது.

"ஆசானே?" என்றார் ஜோஸ் சேட்டன்.

"மூட்டச் சொல்லுங்க" என்றேன்.

தங்கராசு விறகோடு ஓடினார்.

மறுநாள் காய் இறங்கியபோது ராஜேஸ்வரி போன் செய்தார். நிறம் கொஞ்சம் மங்கல்தான், வாடை இல்லை, ஆனால் அடித்தட்டில் மட்டும் லேசாக இருக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அடித்தட்டில் யார் காய் என்று கேட்டேன். "என்னோடதுதாண்ணே. எப்பவும் அப்பிடித்தான் வைப்பேன். அடியில சூடு ஒரு மாதிரியா அடிக்கும். வந்த காயை நடுவுல வச்சு நம்ம காயை அடியில போட்டுக்கிர்றது" என்றார், மிகச் சாதாரணமாக. அந்தக் காயை அவர் யாருக்கும் விற்கவில்லை. வீட்டுக்கே வைத்துக்கொண்டார். அந்த வருஷம் முழுக்க அவர்கள் வீட்டில் எனக்கு அந்த ஏலக்காய் போட்ட டீதான் கிடைத்தது. என் மூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. செந்தில் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும், "அக்கா, இன்னிக்கு என் பேரிங்கெல்லாம் லேசா ஓடுது" என்று சொல்லி அடி வாங்குவான்.

ஜோஸ் சேட்டன் காயை முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போனாராம். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அடுத்த எடுப்பு, அதாவது அடுத்த காய்ப்பறிப்பு வரை ராஜேஸ்வரியிடமிருந்து தினமும் எனக்குப் போன். "அண்ணே, அவரு ஏதாச்சும் சொன்னாரா?" என்னிடம் அவர் எதற்குச் சொல்லப் போகிறார்?

அடுத்த எடுப்பு நாளில் வந்த போனில் பேச்சே இல்லை. ஒரு ஜீப்பு பின்பக்கமாக வந்து நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஜோஸ் சேட்டனின் குரல் தூரத்தில், "சேச்சி, நடுத்தட்டு ஒழிஞ்சுண்டோ?" என்று, நடுத்தட்டு காலியாக இருக்கிறதா என்று கேட்டது. ராஜேஸ்வரி, "கேட்டீங்களாண்ணே?" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செந்திலுக்குத்தான் மனசு ஆறவில்லை. கன்னைத் தூக்கிக்கொண்டு ஜமால் கடைக்கு வந்து, "இதைக் கண்ணுல பாக்கவே பிடிக்கல, எடுத்துக்கங்க" என்றான். ஜமால் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன், "அது என்னப்பா பாவம் செஞ்சுச்சு? சேத்துக்குள்ள எறங்குற டிராக்டருக்கு அதைவிட நல்ல கன்னு கிடையாது. சிலமலையிலேயே இருக்கட்டும். மலைக்கு மட்டும் ஏத்தாதே." ஸ்டோருக்கு ஒரு சின்ன லீவர் கன் வாங்கிக் கொடுத்தான். தங்கராசுக்கு அதைக் கையில் பிடித்ததுமே பிடித்துவிட்டது. "இது பேசுதுண்ணே" என்றார்.

ஆக, எந்த கிரீஸ் கன் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். எதற்கு அடிக்கப் போகிறீர்கள் என்பதோடு, யார் அடிக்கப் போகிறார்கள், எங்கே நின்று, எந்த நாளில் என்பதையும் கேளுங்கள். நீங்கள் விற்றுவிட்டு அல்லது சிபாரிசு செய்துவிட்டு வந்த பிறகு, அந்தக் கன் யார் யார் கைக்குப் போகும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். உடனே மாற்றிப் போட முடியாத பேரிங்கும் திரும்பி வராத பொருளும் இருக்கிற இடத்தில், கைக்கு எதிர்ப்பைச் சொல்கிற கன்தான் நல்ல கன். விலையும் பளபளப்பும் அதற்கு அப்புறம். சூடாக இருப்பதைப் பார்த்ததும் கிரீசைத் தேடி ஓடுகிற காலைக் கொஞ்சம் நிறுத்தி, யார் கடைசியாக அடித்தார்கள் என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், அப்போதுதான் உண்மை வரும்.

அடுத்த ஆயுத பூசைக்கு எனக்கும் ஜமாலுக்கும் போடிமெட்டிலிருந்து அழைப்பு வந்தது. போனோம். புது லீவர் கன்னுக்கு மாலை போட்டுத் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். எல்லார் கையும் பட வேண்டும் என்ற வழக்கத்தை ராஜேஸ்வரி விடவில்லை. அதை விடும்படி சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் ஃபேனுக்கு முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருந்தது.

"எல்லாரும் இதுல ஒரு இழுப்பு இழுங்க. ஃபேனுக்குப் பொட்டு மட்டும் போதும்" என்றார் ராஜேஸ்வரி.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து சிரட்டைக்குள் ஒரு இழுப்பு இழுத்தார்கள். ஜமாலும் இழுத்தார், இந்தத் தடவை கறுப்புச் சட்டை போட்டு வந்திருந்தார். தங்கராசு கண்ணை மூடிக் குலசாமியிலிருந்து ஆரம்பித்தார். லீவரைப் பிடித்த கை மட்டும் ஒரு இழுப்போடு நின்றுகொண்டது. சுவர் ஓரமாக ஜோஸ் சேட்டனின் காய் மூட்டைகள், பூசை முடிந்து ஃபேன் போடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தன. அவரும் அங்கேயேதான் நின்றார். எல்லாரும் முடித்ததும் முன்னால் வந்து, "சேச்சி, என்டெ பங்கு?" என்று கேட்டு, கன்னை வாங்கிச் சிரட்டையில் ஒரு இழுப்பு இழுத்தார்.

நிறைந்த சிரட்டையைச் செந்தில் மடியில் வைத்துக்கொண்டு சிலமலைக்கு இறங்கினான். டிராக்டரின் டிரெய்லர் கொக்கிக்கு அதை அப்படியே பூசினான். எவ்வளவு பூசினாலும் கெடாத இடம் அது ஒன்றுதான். இப்போது வருஷா வருஷம் அதே சிரட்டை, அதே கொக்கி. போடிச் சந்தைக்கு வருகிற டிராக்டர்களில் மினுமினுவென்று ஒரு கொக்கியைப் பார்த்தீர்களென்றால், அது அவர்கள் வீட்டு வண்டி. அத்தனை பேர் கையும் பட்டது.